பதினொரு பேர் ஒரு நாடானது எப்படி?

1906 ஏப்ரல் மாதம். ஏதென்ஸ் நகரை ஒட்டிய கடலோரத்தில், நியோ ஃபாலிரோ என்ற இடத்தில், சைக்கிள் பந்தயத்துக்காகக் கட்டிய வட்டத் தடம். அதன் நடுவில் கோடு போட்டு, இரண்டு ஒலிம்பிக்குக்கு இடையில் நடத்திய விளையாட்டு விழாவின் கால்பந்து இறுதி ஆட்டம் நடக்கிறது. இடைவேளை விசில் ஊதும்போது டென்மார்க் 9, ஏதென்ஸ் 0.

இரண்டாம் பாதிக்கு ஏதென்ஸ் அணி இறங்கவில்லை. வாங்கிய ஒன்பதே போதும் என்று ஒதுங்கிவிட்டார்கள். மிச்சமிருக்கும் இரண்டு அணிகளோடு மோதி இரண்டாம் இடத்தையாவது முடிவு செய்துகொள்ளுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அதற்கும் மறுப்புதான். உள்ளூர் அணி என்றும் பாராமல் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். மிச்சமிருந்த ஸ்மைர்னாவும் தெசலோனிகியும் மோதின. ஸ்மைர்னா 3-0 என்று ஜெயித்து இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

இப்போது ஒரு கேள்வி. டென்மார்க், ஏதென்ஸ், ஸ்மைர்னா, தெசலோனிகி. இந்த நாலில் நாடு எத்தனை?

ஒன்றே ஒன்று. அந்த டென்மார்க்கும்கூட பெரும்பாலும் கோபன்ஹேகன் நகரத்துப் பையன்கள்தான். ஏதென்ஸ் ஒரு நகரம். தெசலோனிகி அன்றைக்குக் கிரேக்கத்திலேயே இல்லை, ஒட்டோமான் பேரரசின் துறைமுகம். ஸ்மைர்னா அதே பேரரசின் இன்னொரு துறைமுகம், இன்றைய துருக்கியின் இஸ்மிர். அதன் அணியில் ஆங்கிலேயர் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர் இருந்தார்கள், ஆர்மீனியர் இருந்தார்கள். ஆங்கிலேயர்களில் ஐந்து பேர் விட்டால் என்ற ஒரே வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள். சர்வதேசப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் பாதி ஒரே குடும்ப அட்டையில் அடங்கிவிடும்.

இன்றைக்கு உலகக் கோப்பையின்போது கன்னத்தில் கொடியை வரைந்துகொண்டு, தேசிய கீதம் ஒலிக்கையில் கண்ணீர் விடுகிறவர்களைப் பார்க்கிறோம். நாடு என்றாலே பதினொரு பேர்தான் என்று தோன்றும் அளவுக்கு அது இயல்பாகிவிட்டது. ஆனால் சர்வதேசக் கால்பந்துப் போட்டி பிறந்தபோது 'தேசிய அணி' என்ற சரக்கே பெரும்பாலான இடங்களில் கிடையாது. போட்டி முதலில் வந்தது. ஆட வேண்டிய நாடுகள் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொண்டன. சில நாடுகள் வரைபடத்தில் இடம்பிடிப்பதற்கு முன்பே மைதானத்தில் இடம்பிடித்துவிட்டன. அந்த வேடிக்கை முழுக்க நடந்தது ஒலிம்பிக் போன்ற பல விளையாட்டுத் திருவிழாக்களின் ஒரு மூலையில்தான்.

கண்காட்சியில் ஒரு ஆட்டம்

ஒலிம்பிக்கில் கால்பந்து முதலில் தலைகாட்டியது 1900-இல், பாரிஸில். அந்த ஒலிம்பிக்கே உலகக் கண்காட்சியின் வாலைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடித்த ஒன்று. இங்கிலாந்தின் சார்பில் வந்தது அப்டன் பார்க் என்ற அமெச்சூர் கிளப். பிரான்ஸ் சார்பில் ஒரு விளையாட்டுச் சங்கத்தின் கலவை அணி. பெல்ஜியம் சார்பில் பல்கலைக்கழக மாணவர்கள். அப்டன் பார்க் ஆடியது ஒரே ஆட்டம். செப்டம்பர் 20 அன்று வான்சென் சைக்கிள் மைதானத்தில் பிரெஞ்சு அணியை 4-0 என்று தோற்கடித்துவிட்டு ஊர் திரும்பியது. பிற்கால ஒலிம்பிக் பட்டியல்களில் அதற்குப் பெயர் 'கிரேட் பிரிட்டன், தங்கம்'. தங்கள் நாட்டுக்கே தங்கம் வாங்கித் தந்திருக்கிறோம் என்பது அந்தக் கிளப்காரர்களுக்கு ஆடிய அன்று தெரிந்திருக்க வழியில்லை.

1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். அங்கே நிலைமை இன்னும் சிக்கனம். கனடாவிலிருந்து கால்ட் என்ற சிற்றூரின் கிளப் வந்தது. எதிரே நின்றவை செயின்ட் லூயிஸ் நகரத்தின் இரண்டு உள்ளூர் அணிகள். ஒன்று கல்லூரி அணி, இன்னொன்று ஒரு தேவாலயப் பங்கின் அணி. கால்ட் 7-0, 4-0 என்று இருவரையும் மடக்கிவிட்டுப் பதக்கத்தோடு ரயில் ஏறியது. அதைப்பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அதே 1904-இல் பாரிஸில் ஏழு நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஃபிஃபாவைத் தொடங்கியிருந்தன. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம், ஒரு சங்கத்துக்கு ஓர் அணி என்ற விதி அங்கிருந்துதான் மெல்ல உருப்பெற்றது. விதி எழுதுவது சுலபம். எது நாடு என்று சொல்வதுதான் கஷ்டம்.

இரண்டு பிரான்ஸ், இல்லாத பொஹிமியா

1908 லண்டன் ஒலிம்பிக்கில்தான் ஓரளவுக்கு ஒழுங்கான போட்டி நடந்தது. ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் பொறுப்பேற்றது. அட்டவணையில் எட்டு அணிகள். அதில் இரண்டு பிரான்ஸ். ஆமாம், பிரான்ஸ் 'ஏ', பிரான்ஸ் 'பி' என்று ஒரே நாடு இரண்டு அணிகளை அனுப்பியிருந்தது. யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

மறுபக்கம், ஆட விரும்பிய பொஹிமியாவுக்கு இடமில்லாமல் போனது. பிராகா நகரத்துச் செக் மக்கள் ஆஸ்திரியப் பேரரசின் குடிகள். ஆஸ்திரியாவுக்கென்று ஒரு சங்கம் இருக்கையில் பொஹிமியாவுக்கு எதற்குத் தனி என்று அதே ஆண்டு ஃபிஃபா அவர்களுடைய உறுப்புரிமையைப் பறித்துவிட்டது. ஹங்கேரியும் வரவில்லை. ஆகக் காலிறுதியில் இரண்டு வாக்கோவர். பொஹிமியா வராததால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதிக்குப் போனது பிரான்ஸ் 'ஏ'.

அந்த அதிர்ஷ்டம் அவர்களுக்கு நல்லதாக அமையவில்லை. காலிறுதியில் பிரான்ஸ் 'பி'யை 9-0 என்று துவைத்துப் போட்டிருந்த டென்மார்க், அரையிறுதியில் 'ஏ'வை 17-1 என்று முடித்தது. சோஃபஸ் நீல்சன் என்ற டேனிஷ் ஃபார்வர்டு மட்டும் 10 கோல். வெண்கலத்துக்காக இன்னொரு ஆட்டம் இருக்கிறது என்று சொன்னபோது பிரெஞ்சுக்காரர்கள் வேண்டாம் சாமி என்று கிளம்பிவிட்டார்கள்.

அந்த டென்மார்க் அணியின் நடுவரிசையில் ஹரால்ட் போர் என்று ஒருவர் ஆடினார். அணு இயற்பியலின் மாமேதை நீல்ஸ் போரின் தம்பி. தம்பியும் லேசுப்பட்டவர் இல்லை, பிற்காலத்தில் பெரிய கணித மேதை. 1910-இல் அவர் முனைவர் பட்ட ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வுக்கு நின்றபோது அவையில் கணிதக்காரர்களைவிடக் கால்பந்து ரசிகர்கள் அதிகம் இருந்தார்கள் என்று சொல்வார்கள். கணிதத்துக்கு அப்படி ஒரு கூட்டம் அதற்குப் பிறகு சேர்ந்ததா என்று தெரியாது.

இறுதியில் பிரிட்டன் 2-0 என்று ஜெயித்தது. கேப்டன் விவியன் உட்வர்ட் தொழிலால் கட்டடக் கலைஞர், ஆட்டத்துக்குக் காசு வாங்காதவர். 'கிரேட் பிரிட்டன்' என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. களத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆங்கிலேயர்கள். ஸ்காட்லாந்தும் வேல்ஸும் அயர்லாந்தும் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தன. பொஹிமியாவுக்கு ஒரு நியாயம், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வேறு நியாயம். ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களிடம் யார் கேட்பது?

ராஜாவைத் தோற்கடித்த குடிமக்கள்

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இந்தக் குழப்பம் ஒரு அருமையான மதியத்தைப் பெற்றெடுத்தது. ஜூன் 30. ஃபின்லாந்து எதிர் ரஷ்யா.

ஃபின்லாந்து அப்போது நாடில்லை. ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்கு உட்பட்ட ஒரு கோமகப் பகுதி. சுதந்திரம் கிடைக்க இன்னும் ஐந்து ஆண்டு இருந்தது. ஆனாலும் ஒலிம்பிக்கில் தனி அணியாக நிற்க அவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. முந்தின நாள் இத்தாலியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தட்டிவிட்டு வந்தவர்கள், மறுநாளே தங்களை ஆளும் பேரரசின் அணியை எதிர்கொண்டார்கள். 2-1. ஃபின்லாந்து ஜெயித்தது. ஆளப்படுகிறவன் ஆள்கிறவனை எல்லார் முன்னிலையிலும், விதிப்படி, நடுவர் சாட்சியாகத் தோற்கடிக்க முடிகிற இடம் அன்றைய ஐரோப்பாவில் அதிகம் இல்லை. அடுத்த இரண்டு ஆட்டங்களில் பிரிட்டனிடமும் ஹாலந்திடமும் செமத்தியாக வாங்கி நான்காம் இடத்தோடு ஃபின்லாந்து திரும்பியது. அதைப்பற்றி ஹெல்சிங்கியில் அதிகம் பேர் கவலைப்பட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த இத்தாலி ஆட்டத்தைப் பற்றி ஒரு துணுக்கு. நடுவராக நின்றவர் ஹூகோ மைஸல். இத்தாலி அணியைக் கூட்டிவந்தவர் விட்டோரியோ பொட்ஸோ. இருபது ஆண்டு கழித்து ஒருவர் ஆஸ்திரியாவின் 'அதிசய அணி'யைச் செதுக்கினார், மற்றவர் இத்தாலிக்கு இரண்டு உலகக் கோப்பை வாங்கித் தந்தார். இருவரும் ஒரே புல்தரையில் நின்று, கற்றுக்குட்டி அணிகள் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்த மதியம் அது.

தோற்ற ரஷ்யாவுக்கு அடுத்த நாள் இன்னும் மோசம். முதலில் தோற்றவர்களுக்கென்று நடந்த ஆறுதல் போட்டியில் ஜெர்மனி அவர்களை 16-0 என்று அடித்தது. காட்ஃப்ரீட் ஃபுக்ஸ் என்ற ஆட்டக்காரர் தனியாக 10 கோல் போட்டு நீல்சனின் சாதனையைத் தொட்டார். ஒரே ஆட்டத்தில் ஜெர்மனிக்காக ஒருவர் அடித்த கோல்களில் இன்றுவரை அதுதான் உச்சம்.

ஃபுக்ஸ் யூதர். அதே அணியில், அதே கார்ல்ஸ்ரூ நகரத்துக் கிளப்பிலிருந்து வந்த யூலியஸ் ஹிர்ஷும் யூதர். இருவரும் ஜெர்மன் சட்டை போட்டு ஆடினார்கள், முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையும் போட்டார்கள். ஹிட்லர் வந்ததும் ஃபுக்ஸின் பெயரைப் பதிவுகளிலிருந்தே அழித்தார்கள். அவர் தப்பி ஓடிக் கனடாவில் குடியேறினார். ஹிர்ஷ் தப்பவில்லை. 1943-இல் அவரை ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். பதினொரு பேரை நாடு என்று கொண்டாடத் தெரிந்த ஒரு தேசத்துக்கு, அதில் இரண்டு பேரை நாடே இல்லை என்று சொல்லவும் முப்பது வருஷத்துக்குள் தெரிந்துவிட்டது. இன்றைய ஜெர்மன் கால்பந்துச் சங்கம் இனவெறுப்புக்கு எதிராகப் பாடுபடுகிறவர்களுக்கு ஹிர்ஷ் பெயரில் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது.

ஆண்ட்வெர்ப்பில் நாற்பது நிமிடம்

1916 பெர்லின் ஒலிம்பிக்கைப் போர் விழுங்கியது. 1920-இல், போரில் நொறுங்கிய பெல்ஜியத்துக்கு மரியாதையாக, ஆண்ட்வெர்ப் நகரத்துக்குப் போட்டியைக் கொடுத்தார்கள். ஐந்து வளையக் கொடி ஒலிம்பிக் மைதானத்தில் முதலில் பறந்தது அங்கேதான். போரில் தோற்ற ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, பல்கேரியா, துருக்கி யாருக்கும் அழைப்பு இல்லை.

ஆனால் அந்தத் தோற்ற பேரரசுகளின் இடிபாடுகளிலிருந்து எழுந்த புதிய நாடுகள் வந்திருந்தன. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. அதே வயதில் இருந்த யூகோஸ்லாவியா, தன் வரலாற்றின் முதல் சர்வதேச ஆட்டத்தை அங்கே அவர்களோடு ஆடி 7-0 என்று தோற்றது. எகிப்தும் வந்திருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து ஒலிம்பிக் கால்பந்துக்கு வந்த முதல் அணி. இத்தாலியிடம் 2-1 என்று நூலிழையில் தோற்றார்கள். கவனியுங்கள், எகிப்து அப்போது பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த பகுதி. 1922-இல்தான் சுதந்திரப் பிரகடனம். நாட்டுக்கு முன்னால் அணி வந்துவிட்டது.

1908-இல் கதவடைக்கப்பட்ட பிராகாக்காரர்கள் இம்முறை சொந்த நாட்டின் பெயரில் வந்து வெளுத்து வாங்கினார்கள். யூகோஸ்லாவியாவை 7-0, பிரிட்டனையே வீட்டுக்கு அனுப்பியிருந்த நார்வேயை 4-0, பிரான்ஸை 4-1. செப்டம்பர் 2 அன்று இறுதி ஆட்டம். எதிரே பெல்ஜியம். மைதானம் நிரம்பி வழிந்தது.

நடுவர் ஜான் லூயிஸ், ஆங்கிலேயர். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். வயது 65. அந்த வயதில் இருபத்திரண்டு இளவட்டங்களுக்குப் பின்னால் ஓடுவது என்பது தண்டனைதான். ஆறாவது நிமிடத்தில் பெல்ஜியத்துக்குப் பெனால்டி கொடுத்தார். கோப்பே அதைக் கோலாக்கினார். முப்பதாவது நிமிடத்தில் லார்னோ இரண்டாவது கோல் போட்டார். இரண்டு கோலும் தவறு என்று செக் அணி குமுறியது. ஓரத்தில் பெல்ஜியப் படைவீரர்கள் நெருக்கமாக நின்றார்கள். முதல் பாதி முடியச் சில நிமிடம் இருக்கையில், கோப்பேயை முரட்டுத்தனமாகத் தாக்கியதற்காகச் செக் டிஃபெண்டர் ஸ்டைனரை லூயிஸ் வெளியே அனுப்பினார்.

ஸ்டைனர் போனார். பின்னாலேயே மொத்த அணியும் போய்விட்டது.

அதிகாரபூர்வ ஒலிம்பிக்கில் கால்பந்து இறுதி ஆட்டம் ஒன்று பாதியில் நின்றுபோனது வரலாற்றில் அந்த ஒரு முறைதான். ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்து பெல்ஜிய ஆட்டக்காரர்களைத் தோளில் தூக்கினார்கள். செக் தரப்பு எழுத்தில் கொடுத்த ஆட்சேபத்தில் நடுவரின் பாரபட்சம், சுற்றி நின்ற ராணுவம் இரண்டும் இருந்தன. ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்து, அணியையே தகுதி நீக்கம் செய்தார்கள். தங்கம் பெல்ஜியத்துக்கு. வெள்ளி யாருக்கு?

இங்கேதான் கூத்து. வெள்ளியை முடிவு செய்ய ஏற்கெனவே தோற்றவர்களைக் கூட்டி இன்னொரு போட்டி நடத்தினார்கள். அரையிறுதிவரை வந்த பிரான்ஸ் அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. காலிறுதியில் பெல்ஜியத்திடம் தோற்றிருந்த ஸ்பெயின் ஒவ்வொரு படியாக ஏறிவந்து, கடைசியில் ஹாலந்தை 3-1 என்று வென்று வெள்ளியை எடுத்துக்கொண்டது. ஸ்பெயினுக்கும் அதுதான் முதல் சர்வதேசப் போட்டி. கோலில் நின்ற பத்தொன்பது வயதுப் பையன் ரிகார்டோ ஸமோரா பின்னாளில் ஐரோப்பாவின் தலைசிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் ஆனார். ஸ்பானியர்கள் தங்கள் ஆட்டத்துக்குப் பெருமையோடு வைத்துக்கொண்ட 'ஸ்பானிய ஆவேசம்' என்ற பட்டப்பெயரும் அந்தப் பயணத்தில் பிறந்ததுதான்.

செக் அணி செய்தது சரியா? எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நீ நாடே இல்லை என்று வெளியே நிறுத்தப்பட்டவர்கள். உள்ளே வந்த முதல் தடவையே, வெற்றி நாடுகளின் கூடாரத்தில், வெற்றி நாட்டு நடுவர், வெற்றி நாட்டுச் சிப்பாய்கள். கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் இரண்டு கோல் பின்தங்கியிருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 9-0 இல் ஏதென்ஸுக்கு வந்த ரோஷத்துக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

சட்டையில் நாலு நட்சத்திரம்

உலகக் கோப்பை ஆட்டங்களைப் பார்க்கும்போது உருகுவேயின் வானநீலச் சட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? சின்னத்துக்கு மேலே நாலு நட்சத்திரம் இருக்கும். அவர்கள் உலகக் கோப்பை வென்றதோ இரண்டே முறை, 1930-இலும் 1950-இலும். மிச்ச இரண்டும் 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்கள். அவையும் உலகப் பட்டங்களே என்பது அவர்கள் கட்சி. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஒலிம்பிக் கால்பந்தை அமெச்சூர்களின் உலகப் பட்டமாக ஏற்கலாம் என்று 1914-லேயே ஃபிஃபா தீர்மானம் போட்டிருந்தது. 2021-இல் அந்த இரண்டைக் கழற்றச் சொல்லி நெருக்கடி வந்ததாகச் செய்தி வெளியானது. நட்சத்திரங்கள் இன்னும் சட்டையில்தான் இருக்கின்றன.

உருகுவேயின் மக்கள்தொகை இன்றைக்கும் சென்னையைவிடக் குறைவு. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவர்கள் கப்பலேறியபோது ஐரோப்பாவில் யாரும் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. வழியில் ஸ்பெயினில் இறங்கி, ஊர் ஊராக ஒன்பது ஆட்டம் ஆடி, ஒன்பதிலும் ஜெயித்து, அந்த வசூலைச் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள். கேப்டன் நசாஸி கல்லறுக்கும் தொழிலாளி. நடுவரிசையில் ஆடிய ஹோசே லியாந்த்ரோ அந்திராதே கறுப்பர், திருவிழாக்களில் மேளம் அடித்தவர். முதல் ஆட்டத்தில் எதிரணி யூகோஸ்லாவியா. உருகுவே பயிற்சியை வேவு பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று தெரிந்து, வேண்டுமென்றே பந்தை ஆகாயத்துக்கு அடித்து ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஆட்டம் 7-0. பிரான்ஸை 5-1 என்று வென்று, இறுதியில் சுவிட்சர்லாந்தை 3-0 என்று முடித்தார்கள்.

பாவம் சுவிஸ் அணி. முதல் சுற்றிலேயே தோற்றுவிடுவோம் என்று பத்து நாளுக்குத்தான் ரயில் டிக்கெட் எடுத்திருந்தார்கள். ஜெயித்துக்கொண்டே போனதும் கையில் காசு தீர்ந்து, ஊர்ப் பத்திரிகை ஒன்று வாசகர்களிடம் வசூல் செய்து அனுப்ப வேண்டியதாயிற்று.

இறுதி முடிந்ததும் உருகுவே அணி மைதானத்தைச் சுற்றி நடந்து கூட்டத்துக்கு வணக்கம் சொன்னது. தென் அமெரிக்காவில் ஜெயித்த அணி மைதானத்தைச் சுற்றி வருவதற்கு இன்றைக்கும் 'ஒலிம்பிக் சுற்று' என்றே பெயர். இன்னொரு சொல்லும் அந்த ஆண்டே பிறந்தது. அக்டோபரில் பக்கத்து நாடான அர்ஜென்டினா உருகுவேயைத் தன் மண்ணுக்கு அழைத்து ஆடியது. கார்னர் முனையிலிருந்து ஓன்ஸாரி உதைத்த பந்து யார் மேலும் படாமல் நேரே வலைக்குள் போனது. ஒலிம்பிக் சாம்பியனுக்கே போட்ட கோல் என்பதால் அதற்கு 'ஒலிம்பிக் கோல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1928 ஆம்ஸ்டர்டாமில் இந்த இரண்டு அண்டை வீட்டுக்காரர்களே இறுதியில் மோதினார்கள். முதல் நாள் 1-1. மூன்று நாள் கழித்து மறு ஆட்டம், உருகுவே 2-1. டிக்கெட்டுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்த விண்ணப்பம் இரண்டரை லட்சம். தடகளமும் நீச்சலும் பார்க்க இவ்வளவு கூட்டம் இல்லை. ஓரத்தில் இடம் கேட்டு வந்த விருந்தாளி, வீட்டுக்காரரைவிடப் பெரிய ஆளாகிவிட்டார்.

வீட்டுக்காரருக்கும் விருந்தாளிக்கும் சண்டை காசில் வந்தது. அன்றைய ஒலிம்பிக்கில் அமெச்சூர் மட்டுமே ஆடலாம். சரி, ஆனால் மான்டிவிடியோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரக் கப்பலில் வாரக்கணக்கில் ஆகிறது. கல்லறுக்கிறவன் அந்த மாதங்களில் வீட்டுக்கு என்ன கொடுப்பான்? இழந்த கூலியை ஈடுகட்டலாம் என்றது ஃபிஃபா. அதுவும் சம்பளம்தான், அமெச்சூர் தர்மத்துக்கு அடுக்காது என்றார்கள் ஒலிம்பிக்காரர்களும் பிரிட்டிஷ் சங்கங்களும். பிரிட்டிஷ் சங்கங்கள் இந்த விவகாரத்திலேயே 1928-இல் ஃபிஃபாவை விட்டு வெளியேறின. அமெச்சூர் தர்மம் என்பது வேலைக்குப் போகாமலும் சாப்பிட வழி உள்ளவர்களின் தர்மம். அதை அவர்கள் ஒழுக்கம் என்று நினைத்தார்கள்.

ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் கால்பந்து தொடங்குவதற்கு முதல் நாள் அங்கே கூடிய ஃபிஃபா மாநாட்டில், எல்லாரும் ஆடக்கூடிய தனி உலகப் போட்டி என்று தீர்மானமாயிற்று. 1930-இல் உருகுவேயில் முதல் உலகக் கோப்பை. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறியவை நாலே அணிகள். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கால்பந்தே கிடையாது.

மணிலாவிலிருந்து டெல்லிவரை

ஆசியாவிலும் இதே கதை வேறு விதமாக நடந்தது. 1913-இல் மணிலாவில் தொடங்கிய தூரக் கிழக்கு விளையாட்டுப் போட்டியில் பிலிப்பைன்ஸும் சீனாவும் கால்பந்தில் மோதின. பிலிப்பைன்ஸ் அமெரிக்காவின் குடியேற்ற நாடு. சீனாவின் பெயரில் ஆடியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் ஹாங்காங்கின் கிளப்காரர்கள். 1917-இல் டோக்கியோவில் பிலிப்பைன்ஸ் ஜப்பானை 15-2 என்று தோற்கடித்தது. அந்த அணியில் ஆடிய பவுலினோ அல்காந்தரா, பார்சிலோனா கிளப்புக்காகக் கோல் குவித்தவர். மெஸ்ஸி வந்துதான் அவர் கணக்கைத் தாண்டினார். கடைசியில் அந்தப் போட்டியையும் 'எது நாடு' என்ற கேள்வியே கொன்றது. மஞ்சூரியாவைப் பிடித்து அங்கே ஒரு பொம்மை அரசை வைத்த ஜப்பான், அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. சீனா விடவில்லை. 1934-க்குப் பிறகு போட்டி நடக்கவே இல்லை.

இந்தியாவின் முறை 1948-இல் வந்தது. ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக், இல்ஃபோர்டில் உள்ள ஒரு சிறிய மைதானம். எதிரணி பிரான்ஸ். சுதந்திரத்துக்கு முதல் ஆண்டு நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அரசியல் சட்டம் எழுதி முடிக்கப்படவில்லை. கேப்டன் டாலிமெரன் ஆவ் நாகா மலையைச் சேர்ந்தவர், மருத்துவம் படித்தவர். தொடக்க விழாவில் மூவர்ணக் கொடியைத் தூக்கிச் சென்றதும் அவரே. பின்வரிசையில் வங்காளத்தின் சைலன் மன்னா, திருவல்லாவின் பாப்பன். முன்வரிசையில் பெங்களூரிலிருந்து வந்த அகமது கான், சாரங்கபாணி ராமன். பலர் வெறுங்காலில், விரல்களுக்கு மட்டும் துணி சுற்றிக்கொண்டு ஆடினார்கள். பிரான்ஸ் ஒரு கோல் போட்டது. எழுபதாவது நிமிடத்தில் ராமன் அதைச் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்துக் கோல். கிடைத்த இரண்டு பெனால்டிகளை வீணாக்கி, கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி, 2-1 என்று தோற்றார்கள். தோற்ற அணிக்கு அந்தக் கூட்டம் எழுந்து கைதட்டியது.

1950 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் இந்தியா போகவில்லை. வெறுங்காலில் ஆட விடமாட்டோம் என்று ஃபிஃபா சொன்னதால்தான் என்று டீக்கடையிலிருந்து டி.வி. விவாதம் வரை சொல்கிறார்கள். அது பாதிக் கதைகூட இல்லை. அன்றைய நம் கால்பந்து நிர்வாகிகள் கண்ணுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பை என்பது தூரத்தில் எங்கோ நடக்கும் புதிய சமாசாரம். இருபது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் பல பேர் நினைத்ததைத்தான் இவர்களும் நினைத்தார்கள்.

1951 மார்ச்சில் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. கால்பந்துக்கு வந்தவை ஆறு அணிகள். இந்தியா குடியரசாகி ஒரு வருஷம். இந்தோனேசியாவின் சுதந்திரத்தை ஹாலந்து ஒப்புக்கொண்டு ஒரு வருஷம் சொச்சம். பர்மா விடுதலை பெற்று மூன்று வருஷம். ஜப்பான் இன்னும் நேச நாட்டுப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. ஆப்கானிஸ்தானும் ஈரானும் மட்டும் பழைய ஆட்கள். இந்தியாவுக்குப் பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம், கேப்டன் மன்னா. இந்தோனேசியாவை 3-0, ஆப்கானிஸ்தானை 3-0, இறுதியில் ஈரானை 1-0. மூன்று ஆட்டத்திலும் கோல் போட்டவர் சாகு மேவாலால். பிகாரிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து ஆடியவர். இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையது. பார்வையாளர்களில் நேரு இருந்தார்.

அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக். பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்கள், பலருக்கு அதே வெறுங்கால். ஃபின்லாந்தின் குளிர் மட்டும் புதிது. 1920-இல் முதல் ஆட்டத்திலேயே ஏழு கோல் வாங்கி அழுத அந்த யூகோஸ்லாவியா இப்போது 10-1 என்று இந்தியாவை அடித்தது. அந்த ஒரே கோலைப் போட்டவர் அகமது கான். ஊர் திரும்பியதும் பூட்ஸ் கட்டாயம் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் உத்தரவு போட்டது.